தலையை விலக்குவதா, காலை நகர்த்துவதா: எதை முதலில் பழகுவது?

சுங்கை சிப்புட் இளைஞன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறேன். மாலை வேளைகளில் எங்கள் தோட்ட மண்டபத்தில் சிலர் சேர்ந்து குத்துச்சண்டை பயில்கிறோம். தனியாகப் பயிற்சி செய்யும்போது தலையை இருபுறமும் நன்றாகவே அசைக்கிறேன். ஆனால் எதிரே ஓர் ஆள் கையுறையோடு நின்றுவிட்டால், முதல் ஜாப் (முன்னிருக்கும் கையால் வீசும் நேர்க்குத்து) வரும்போதே உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்துவிடுகிறது. அடுத்து வரும் வலக்கைக் குத்து நேராக முகத்தில் விழுகிறது. சிறு வயதில் சிலம்பம் கற்றதால் காலடி ஓரளவு வரும். பயிற்சி தரும் அண்ணன் தலையசைவை முதலில் பழகச் சொல்கிறார். மூத்தவர் ஒருவரோ, கால் பழகினால் தலை தானே பழகும் என்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தெலுக் இந்தான் மூத்தவர்:

தம்பி, இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் கால் என்றே சொல்வேன். ஆனால் உங்கள் சிக்கலின் வேர், நேர்க்கோட்டில் பின்வாங்குவதில் இருக்கிறது. பின்னால் சாய்பவரின் முகம் குத்து வரும் அதே கோட்டில்தான் நிற்கிறது. எடை முழுவதும் பின்னங்குதிகாலில் இறங்கிவிடுவதால், அவரால் இரண்டாவது குத்திலிருந்து விலகவும் முடிவதில்லை, திருப்பித் தாக்கவும் முடிவதில்லை. 1975ஆம் ஆண்டு கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலி 15 சுற்றுகள் ஆடி ஜோ பக்னரைப் புள்ளிகளில் வென்றதை எங்கள் வயதினர் இன்றும் பேசுவோம். அலி தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்புவதைப் பார்த்து, அதையே பழக முனைந்தவர்கள் ஏராளம். அவருடைய உயரமும் கால் வேகமும் தூரக் கணிப்பும் இல்லாதவருக்கு அந்த முறை ஆபத்தானது.

ஸ்லிப், அதாவது குத்து வரும் கோட்டிலிருந்து தலையைப் பக்கவாட்டில் விலக்குவது, கழுத்தை ஒடிப்பதன்று. முழங்காலைச் சற்றே தளர்த்தி, இடுப்பையும் தோளையும் சேர்த்துத் திருப்பினால், தலை தானாக ஒரு கையுறை அகலம் நகரும்; அதற்கு மேல் நகரத் தேவையில்லை. இருவரும் இடக்காலை முன்வைத்து நிற்பவர்கள் என்றால், எதிராளியின் ஜாபுக்கு உங்கள் வலப்பக்கம் விலகுங்கள். அப்போது நீங்கள் அவருடைய கைக்கு வெளிப்புறம் இருப்பீர்கள். அவருடைய வலக்கை உங்களை எட்டுவது கடினமாகும். உங்கள் எடை வலக்காலில் ஏறியிருப்பதால் பதில் குத்தும் தயாராக இருக்கும். இடப்பக்கம் விலகினால் அவருடைய வலக்கை வரும் வழியிலேயே போய் நிற்பீர்கள் என்பதால், அதைப் பிறகு பழகலாம்.

வீட்டு வாசலில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். கயிற்றுக்கு இப்புறமும் அப்புறமுமாகத் தலையைக் கொண்டுபோய்க்கொண்டே, ஒவ்வொரு முறையும் அரையடி முன்னேறுங்கள். முதுகு வளையக்கூடாது, முழங்கால்தான் மடங்க வேண்டும். பார்வை தரைக்குப் போகாமல் எதிராளியின் நெஞ்சு இருக்கும் உயரத்திலேயே நிற்க வேண்டும். குனிந்து தரையைப் பார்ப்பவர், கீழிருந்து வரும் அப்பர்கட்டைக் காணவே மாட்டார். எதிராளியின் இடுப்புப்பட்டைக்குக் கீழே தலையைக் கொண்டுபோவது அமெச்சூர் விதிப்படி தவறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாகான் டத்தோ சிலம்ப ஆசான்:

ஐயா சொன்னதை ஒப்புக்கொண்டு, காலடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சிலம்பத்தில் சுழன்று திரும்பும்போது கால்கள் ஒன்றையொன்று கடக்கும். முதுகும் ஒரு கணம் எதிராளிக்குத் தெரியும். கம்பின் நீளம் இடைவெளியைக் காப்பதால் அங்கே அது பொருந்துகிறது. கையெட்டும் தூரத்தில் நிற்கும் குத்துச்சண்டையில் கால் பின்னிய நொடியில் குத்து விழுந்தால், லேசான அடிக்கே சாய்ந்துவிடுவீர்கள். ஆகவே எந்தத் திசையில் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் நகர வேண்டும். மற்றது அதே அளவு தொடர வேண்டும். தோட்டத்துப் பூப்பந்துத் திடலின் கோடுகள் இதற்கு மிகவும் வசதியானவை. முன்கால் கட்டைவிரலும் பின்கால் குதிகாலும் கோட்டின் மீது இருக்கும்படி நின்று, கோட்டோரமாக நாற்புறமும் நகர்ந்து, இடைவெளி மாறாமல் இருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பாருங்கள். பார்க்காமலே சரியாக அமையும்வரை வேகம் வேண்டாம்.

சிலம்பம் வீணாகிவிடும் என்று வருந்த வேண்டாம். 2008, 2012 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற உக்ரைனின் வாசில் லோமசென்கோவைச் சிறுவயதில் அவருடைய தந்தை நாட்டுப்புற நடனம் கற்க வைத்தார். எடையைக் காலுக்குக் கால் மாற்றத் தெரிந்த உடம்பு உங்களுக்கும் இருக்கிறது.

ஈப்போ தாதி:

முகத்தில் அடிக்கடி குத்து விழுகிறது என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மண்டைக்குள் மூளை அதிர்வதை அது தடுப்பதில்லை. பக்கவாட்டுப் பார்வையையும் ஓரளவு மறைக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கவசமின்றியே மோதினார்கள். விலகப் பழகும் காலத்தில், ஜாப் மட்டும், அதுவும் தொடும் அளவிலான வேகத்தில் வீசச் சொல்லி உங்கள் அண்ணனிடம் கேளுங்கள். பயிற்சிக்குப் பின் தலைவலி, குமட்டல், மறதி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்; அவர் அனுமதிக்கும்வரை வளையத்தில் இறங்காதீர்கள்.

சுங்கை சிப்புட் இளைஞன்:

மூவருக்கும் மிக்க நன்றி. வேகத்தைக் குறைப்பது பற்றி அண்ணனிடம் நாளையே பேசுகிறேன். எங்களோடு பயில்பவர்களில் ஒருவர் இடக்கைக்காரர். வலக்காலை முன்வைத்து நிற்பார். அவரிடமும் வலப்பக்கமே விலகலாமா?

தெலுக் இந்தான் மூத்தவர்:

கூடாது, தம்பி. அவருடைய பலமான இடக்கை உங்கள் வலப்பக்கத்திலிருந்துதான் வரும். உங்கள் இடக்காலை அவருடைய வலக்காலுக்கு வெளிப்புறமாக வைத்து, இடப்பக்கமாகவே நகருங்கள். முன்கால்கள் அடிக்கடி மோதும். மிதிபட்டாலும் பார்வையைக் கீழே இறக்காதீர்கள்.