பிரஷரைக் குறைத்தால் மூளைக்குப் போகும் ரத்தமும் குறையுமா?

மாசிவீதி: அப்பாவுக்கு வயசு 70. பல வருஷமா 180/100. டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5 ஆரம்பிச்சு ஒரு மாசத்துல உட்கார்ந்து பார்த்தா 120/80. ஆனா காலைல கட்டிலை விட்டு எழுந்ததும் கிறுகிறுங்குதாம். மூளைக்கு ரத்தம் பத்தலையா? ஒரு மாத்திரையை நிறுத்திடலாமா?

நாடிமணி: நீங்களா நிறுத்தாதீங்க. பிரஷர் இறங்கினா மூளையின் சிறு தமனிகள் விரியும், ஏறினா சுருங்கும். அதனால 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் என்பது அவ்வளவா மாறாது. ஆனா அந்த விரிவுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு; பிரஷர் அதுக்கும் கீழே போனா மூளைக்குப் போற ரத்தமும் குறையும். 1976-ல ஸ்ட்ராண்ட்கார்ட் என்ற ஆய்வாளர் அளந்தபோது பிரஷர் இல்லாதவங்களுக்கு அது சராசரி அழுத்தம் 73; கட்டுப்படாத கடும் பிரஷருக்கு 113; மருந்தால கட்டுப்பட்டவங்களுக்கு 96. மருந்து எடுத்தவங்களுக்கு எல்லையே கீழே இறங்கியிருக்கு, கவனிங்க. பல வருஷ பிரஷரால தடிச்சுப்போன தமனிச் சுவர் இளக மாசக்கணக்கில் ஆகலாம்.

சராசரி அழுத்தம்னா கீழ் எண்ணோட, ரெண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூணில் ஒரு பங்கைக் கூட்டணும். 180/100-க்கு 127, 120/80-க்கு 93.

சொட்டுமருந்து: 127-ல இருந்து 93, அதாவது 27% இறக்கம். வாரக்கணக்கில் நடந்தா உடம்பு பழகிக்கும். இதையே ஒரு மணி நேரத்தில் செஞ்சா பக்கவாதமே வரலாம். அவசர சிகிச்சையிலும் முதல் மணி நேரத்தில் 25%-க்கு மேல் இறக்கக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க. நிஃபெடிபின்ங்கிற பிரஷர் மருந்து கேப்ஸ்யூலைக் குத்தி நாக்கடியில் விடுற பழக்கத்தைக் கைவிடச் சொன்னதும் இதனாலதான்: எவ்வளவு இறங்கும்னு யார் கையிலும் இல்லை.

நாடிமணி: கிறுகிறுப்புக்கு வேற சோதனை. 5 நிமிடம் படுக்க வெச்சு பார்க்கணும். எழுந்து நின்ன 1-வது, 3-வது நிமிடத்தில் மறுபடி. கை இதய உயரத்தில் இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினா, எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்குறதுதான் கோளாறு. ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுக்கிறாரா? அதுவும் நிற்கும்போது பிரஷரை இறக்கலாம். பிரஷர் டாக்டரிடம் இதைச் சொல்ல பலரும் மறந்துடுவாங்க.

மாசிவீதி: படுத்து 138/82. நின்னு 1 நிமிடத்தில் 112/70, 3-ல 116/72. டாம்சுலோசின் ராத்திரி போடுறார், சார்.

நாடிமணி: 26 இறக்கம். இந்த மூணு அளவையும் எழுதி, எல்லா மாத்திரை அட்டையோடயும் இந்த வாரமே டாக்டரிடம் போங்க. கழுத்துத் தமனியில் அடைப்பு இருக்கான்னு டாப்ளர் ஸ்கேன் பார்க்கணுமான்னும் கேளுங்க. அடைப்பு அதிகமா இருந்தா 120-க்கு இவ்வளவு வேகமா போகக்கூடாது. அதுவரை கட்டில் ஓரத்தில் ரெண்டு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிட்டு எழச் சொல்லுங்க. பேச்சு குழறினா, ஒரு பக்கம் மரத்தா, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம 108.