மலிவு விலை கார் நேவிகேஷன் பெட்டி: சிக்னல் லேட், பக்கத்து ரோட்ட காட்டுது, சந்துக்குள்ள விடுது. வச்சுக்கலாமா, போனுக்கே மாறிடலாமா?

ஜன்னலோரசீட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா கார்ல ஒரு விலை கம்மியான நேவிகேஷன் பெட்டி இருக்கு, ஏழு இன்ச் ஸ்கிரீன், முன்கண்ணாடில ஒட்டுற டைப், உள்ள விண்டோஸ் சிஇ ஓடுது. அப்பாவுக்கு இது ரொம்ப பிடிச்சுப் போச்சு, ஏன்னா போன்ல மேப் போட்டா நடுவுல கால் வந்து மேப்ப மறைச்சிடுது, எழுத்து பொடிசா இருக்கு, டேட்டா இல்லாத இடத்துல புது ரூட் போட மாட்டேங்குது. இதுல அந்த தொல்லை எதுவும் இல்ல, பெருசா அம்புக்குறி காட்டுது, சத்தமா சொல்லுது. அதனால அவர இத விடச் சொல்ல எனக்கு மனசு வரல, முடிஞ்ச வரைக்கும் சரி பண்ணி குடுக்கணும்னு பாக்குறேன்.

பிரச்சனை என்னன்னா, காலைல வண்டிய எடுத்தா சிக்னல் பிடிக்கவே பல நிமிஷம் ஆகுது, சில நாள் தெரிஞ்ச ரோடெல்லாம் தாண்டி மெயின் ரோடு ஏறின பிறகுதான் கண்ண தொறக்குது. ஆனா வழில கொஞ்ச நேரம் நிறுத்திட்டு திரும்ப எடுத்தா உடனே பிடிச்சிடுது, அது ஏன்னே புரியல. அடுத்தது மேம்பாலம். நாங்க மேல போறோம், இது கீழ சர்வீஸ் ரோட்ல போறதா நெனச்சுட்டு "இடது பக்கம் திரும்புங்க"ன்னு கத்துது. அப்புறம் நல்ல அகலமான ரோடு இருக்கும்போதே ஒரு கார் நுழையவே யோசிக்கிற சந்துக்குள்ள திருப்பி விடுது. தேதி வேற பல வருஷம் பின்னாடி காட்டுது, மணி மட்டும் கரெக்டா இருக்கு. போன்ல இருந்து அட்சரேகை தீர்க்கரேகை எடுத்து டைப் பண்ணா வேற எங்கயோ கொண்டு போய் புள்ளி வைக்குது.

பெட்டியே மட்டமா, இல்ல செட்டிங்ல ஏதாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாலுசக்கரம்:

இந்த காலத்துல எதுக்குங்க தனி பெட்டி. பழைய போன் ஒன்னு வீட்ல சும்மா கிடக்கும்ல, சிம் இல்லாமலே அதுல ஆஃப்லைன் மேப் ஆப் போட்டு ஸ்டாண்ட்ல மாட்டி விடுங்க. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் ரெண்டுமே மேப்ப முன்னாடியே இறக்கி வச்சுட்டா நெட் இல்லாம ரூட் போடும். சிம் இல்லன்னா காலும் வராது.

சிக்னல்_சித்தன்:

நாலுசக்கரம் சொல்றது நல்ல வழிதான், ஆனா அவங்க அப்பாவுக்கு பெரிய ஸ்கிரீனும் பழகின மெனுவும்தான் முக்கியம், அத முதல்ல பாக்கணும். ஜன்னலோரசீட், உங்க கேள்விலயே பாதி பதில் இருக்கு சிஸ்டர். நீங்க சொன்னதுல சிக்னல் கோளாறு வேற, மேப் கோளாறு வேற, ரெண்டையும் ஒன்னா போட்டு பெட்டி மட்டம்னு முடிவு பண்ணிடாதீங்க. சிக்னல் விஷயத்துல விலை கூடின பெட்டிக்கும் இதுக்கும் மேல இருந்து வர்றது அதே சாட்டிலைட் சிக்னல்தான், 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருந்து.

காலைல ஏன் லேட்னு சொல்றேன். இடத்த கணக்கு போட குறைஞ்சது நாலு சாட்டிலைட் வேணும், அது மட்டும் பத்தாது, அந்த ஒவ்வொரு சாட்டிலைட்டும் இப்போ துல்லியமா எங்க இருக்குங்கற விவரத்த அந்தந்த சாட்டிலைட் கிட்ட இருந்தே பெட்டி வாங்கணும். அத அனுப்புற வேகம் நொடிக்கு வெறும் 50 பிட். 30 நொடிக்கு ஒரு தடவ அதே விவரம் திரும்ப திரும்ப வரும், அதுல தேவையான பகுதி மட்டும் 18 நொடி. நடுவுல ஒரு மரமோ கட்டிடமோ மறைச்சு விட்டுப் போன துண்டு திரும்ப வர்ற வரைக்கும் காத்திருக்கணும். நின்னுட்டு இருந்தா சீக்கிரம் முடியற வேலைய, நீங்க ஸ்டார்ட் பண்ணவுடனே தெருவுக்குள்ள ஓட்டிக்கிட்டே செய்யச் சொல்றீங்க, அதான் இழுக்குது. ஒரு தடவ வாங்கின விவரம் சுமார் நாலு மணி நேரம் செல்லும், அதனாலதான் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு எடுத்தா டக்குனு பிடிக்குது, ராத்திரி முழுக்க நின்னா அது காலாவதி ஆயிடுது. போன் இதே விவரத்த நெட்ல இருந்து ஒரு நொடில இறக்கிக்கும், உங்க பெட்டிக்கு அந்த வசதி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். ரொம்ப நாள் கழிச்சு எடுத்தாலோ, ஆஃப்ல வச்சு தூரமா வேற ஊருக்கு கொண்டு போயிட்டாலோ இன்னும் லேட் ஆகும், எல்லா சாட்டிலைட்டோட பொதுப் பட்டியல் முழுசா வந்து சேரவே 12.5 நிமிஷம்.

அதனால வானம் நல்லா தெரியற இடத்துல வண்டிய நிறுத்தி, பெட்டிய போட்டு, ஒன்னு ரெண்டு நிமிஷம் அசையாம விடுங்க. அப்பா சீட் பெல்ட் போட்டு, கண்ணாடி சரி பண்ணி, போற இடத்த டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள பிடிச்சிடும்.

தேதிக்கு காரணம் வேற. ஜிபிஎஸ் வாரத்த எண்ணுறதுக்கு பழைய முறைல 10 பிட் தான் ஒதுக்கினாங்க, 1024 வாரம் ஆனதும் எண்ணிக்கை திரும்ப பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். 1999 ஆகஸ்ட்ல ஒரு தடவ ஆச்சு, 2019 ஏப்ரல்ல ரெண்டாவது தடவ, அடுத்தது 2038 நவம்பர். அப்டேட் வராத பெட்டி அதுக்கப்புறம் சுமார் பத்தொன்பதரை வருஷம் பின்னாடி தேதிய காட்டும். வழி காட்டுறதுக்கு அதனால பாதிப்பு இல்ல. ஒன்னே ஒன்னு, பகல் ராத்திரி கலர் தானா மாறுற செட்டிங் அந்த தேதிய வச்சு சூரியன் மறையற நேரத்த கணக்கு போடுற டைப்னா நேரம் தப்பும், ஏன்னா பின்னாடி போன தேதி வேற மாசத்துல விழும். அத கைல மாத்திக்குற மாதிரி வச்சுக்கோங்க.

லாங்டிரைவ்_அண்ணாச்சி:

வண்டி ஓட்டுறதுதான் என் தொழில், இந்த மாதிரி பெட்டிய பல வருஷமா வச்சு ஓட்டுறேன் தங்கச்சி, அப்பா ஆசைப்பட்டா தாராளமா வச்சுக்கட்டும்.

சந்துக்குள்ள விடுறதுக்கு முதல்ல ரூட் செட்டிங்ல பாருங்க, "குறைந்த தூரம்"னு இருக்கும். அத "வேகமான வழி"ன்னு மாத்துங்க. குறைந்த தூரம்னா அது நூறு மீட்டர் மிச்சம் பிடிக்க எந்த முடுக்குலயும் புகுந்து போகும், சந்து எவ்ளோ அகலம், எதிர்ல ஒரு ஆட்டோ வந்தா ஒதுங்க இடம் இருக்கா, அதெல்லாம் அதுக்கு கவலையே இல்ல. மண் ரோடு தவிர்க்கனும்னு ஒரு டிக் இருக்கும், அதயும் போடுங்க. வாகனம் எதுன்னு கேக்குற இடத்துல கார்னு இருக்கான்னு பாருங்க, நடந்து போறவங்க, சைக்கிள்னு இருந்தா அது காட்டுற வழியே வேறயா இருக்கும். இவ்வளவு பண்ணியும் அடம் பிடிச்சா, நீங்க போக விரும்புற மெயின் ரோட்ல ஒரு இடத்த வழிப்புள்ளியா நடுவுல சேத்துடுங்க, அது வழியாதான் போயாகணும். ஒரு விஷயம், அந்த புள்ளிய நீங்க போற திசைல இருக்கற லேன்லயே வைக்கணும். நடுவுல தடுப்பு இருக்கற ரோட்ல எதிர்ப்பக்கம் வச்சுட்டா, அத தொட்டுட்டு வாங்கன்னு யூ டர்ன் போட்டு சுத்த விடும்.

கிளம்புறதுக்கு முன்னாடி முழு ரூட்டையும் சின்னதாக்கி ஒரு தடவ பாத்துக்கிட்டா போதும், எங்க கோணலா போகுதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். ஓடும்போது யாரும் அத தொடக்கூடாது, இந்த ஸ்கிரீன் எல்லாம் அழுத்தினாதான் கேக்கும், ஒரு எழுத்துக்கு ரெண்டு தடவ அழுத்த வேண்டி வரும், கண்ணு ரோட்ட விட்டுப் போயிடும். பக்கத்து சீட்ல நீங்க இருக்கீங்கல்ல, டைப் பண்றது உங்க வேலை. எழுத்து தள்ளி தள்ளி விழுந்தா செட்டிங்ல ஸ்கிரீன் காலிபரேஷன்னு இருக்கும், பிளஸ் குறி காட்ற இடத்துல எல்லாம் நகத்தால துல்லியமா தொடுங்க.

வெயில்ல கார நிறுத்தும்போது கண்ணாடில விட்டுட்டு போகாதீங்க, பேட்டரி உப்பிடும். கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு போங்க, இல்லன்னா நிழல் விழற இடத்துல உள்ள வைங்க.

மேப்_பைத்தியம்:

விட்டுப் போன ரெண்டு மூணு நான் சொல்றேன்.

அட்சரேகை தீர்க்கரேகை: போன் குடுக்கறது தசம பின்னம், உங்க பெட்டி கேக்கறது டிகிரி, நிமிஷம், நொடியா இருக்கும். உதாரணத்துக்கு போன்ல 12.4512னு இருக்குன்னு வைங்க. அத அப்படியே 12 டிகிரி 45 நிமிஷம் 12 நொடின்னு போட்டா, நிஜத்துல அது 12.7533 ஆயிடும், சுமார் 33 கிலோமீட்டர் வடக்க தள்ளி புள்ளி விழும். சரியான கணக்கு: .4512ஐ 60ஆல பெருக்குங்க, 27.07 வரும், 27 நிமிஷம். மிச்சம் .07ஐ திரும்ப 60ஆல பெருக்குங்க, சுமார் 4 நொடி. ஆக 12 டிகிரி 27 நிமிஷம் 4 நொடி. பெட்டி செட்டிங்லயே தசம வடிவத்துக்கு மாத்த வசதி இருந்தா இந்த வேலையே வேணாம், அத முதல்ல தேடுங்க.

மேம்பாலம்: இது உங்க பெட்டி மேல கோபப்பட வேண்டிய விஷயம் இல்ல. திறந்த வெளிலயே சில மீட்டர் பிழை சகஜம், உயரத்துல பிழை இன்னும் அதிகம். மேல ஒரு ரோடு, அதே கோட்டுல கீழ ஒரு ரோடுன்னா ரெண்டுக்கும் நடுவுல பிரிச்சு சொல்ற அளவு அதுகிட்ட தகவல் இல்ல. அதனால எது பக்கத்துல இருக்கோ, எது போட்ட ரூட்ல இருக்கோ அந்த கோட்டு மேல வண்டிய ஒட்ட வச்சிடும். பாலம் ஏறும் இடத்துல மட்டும் ரோட்டு மேல இருக்கற பலகைய நம்புங்க, இறங்கி கொஞ்ச தூரத்துல அது தானா சரியாயிடும். உயரமான கட்டிடங்க நடுவுலயும் இதே கதைதான், சிக்னல் சுவத்துல பட்டு சுத்தி வர்றதால தூரம் கூடுதலா தெரியும்.

இன்னொன்னு கேக்கணும். அதே பிளக்ல டேஷ்கேம், யூஎஸ்பி சார்ஜர் ஏதாவது போட்டிருக்கீங்களா? ஜிபிஎஸ் சிக்னல் வர்ற அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், கீழ வந்து சேரும்போது ரொம்ப ரொம்ப பலவீனமா இருக்கும். மட்டமான சார்ஜரும் டேஷ்கேம் வயரும் அந்த அலைவரிசை பக்கத்துலயே ரேடியோ இரைச்சல் கிளப்பி அத அமுக்கிடும். பெட்டில சாட்டிலைட் நிலைன்னு ஒரு பக்கம் இருக்கும், பட்டை பட்டையா ஏறி இறங்கும். அத தொறந்து வச்சுட்டு மத்ததெல்லாம் ஒன்னொன்னா பிடுங்கி பாருங்க. முன்கண்ணாடில வெப்பம் தடுக்குற உலோகப் பூச்சு இருந்தாலும் பட்டை எழும்பாது. அந்த மாதிரி கண்ணாடில பல கார்ல நடு மிரர் பக்கத்துல பூச்சு இல்லாம கொஞ்சம் இடம் விட்டிருப்பாங்க, அதுக்கு பக்கத்துல கொண்டு போய் பாருங்க. ஆனா அப்பா பார்வைய மறைக்கக் கூடாது, பாத்துட்டு திரும்ப கீழ வச்சிடுங்க.

ஜன்னலோரசீட்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ஒவ்வொன்னா உக்காந்து செஞ்சு பாத்தேன். மேப்_பைத்தியம் சொன்னதுதான் பெரிய விஷயம்! டேஷ்கேம் வயர் பெட்டிக்கு பின்னாடியே சுருட்டி வச்சிருந்துச்சு. அத பிடுங்கின உடனே நாலஞ்சு பட்டை சட்டுனு எழும்புச்சு, கண்ணு முன்னாடி பாத்தேன். திரும்ப சொருகினா படுத்துடுது. இப்போ டேஷ்கேம கண்ணாடியோட இன்னொரு ஓரத்துக்கு மாத்தி, வயர அந்தப் பக்கமாவே கொண்டு போயிட்டோம், காலைல நின்னுட்டே இருந்தா கேட் தாண்டறதுக்குள்ள பிடிச்சிடுது.

ரூட் செட்டிங் "குறைந்த தூரம்"லதான் இருந்துச்சு அண்ணாச்சி, மாத்தியாச்சு. தசம வடிவத்துக்கு மாத்தற ஆப்ஷனும் கிடைச்சுது.

இன்னும் ரெண்டு சந்தேகம். அப்பா ஸ்பீடோமீட்டர்ல 80 காட்டும்போது பெட்டி 76னு காட்டுது, எத நம்பறது? அப்புறம் புது பைபாஸ் ஒன்னு இதுல இல்லவே இல்ல, அதுல போனா வயக்காட்டுக்குள்ள போற மாதிரி காட்டுது. மேப்ப மட்டும் மாத்த முடியுமா?

சிக்னல்_சித்தன்:

வேகத்துக்கு பெட்டிதான் பெரும்பாலும் நிஜத்துக்கு கிட்ட. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்த விட கம்மியா காட்டவே கூடாதுன்னு ஐநா வாகன விதி 39ல இருக்கு, அதனால கம்பெனிங்க கொஞ்சம் கூடவே காட்டுற மாதிரிதான் வைப்பாங்க. ஆனா பிரேக் போடும்போதும் வேகம் ஏத்தும்போதும் பெட்டி ஒரு கணம் பின்தங்கும், ஒரே சீரா போகும்போது மட்டும் ஒப்பிடுங்க. அப்பா எப்பவும் போல ஸ்பீடோமீட்டர பாத்தே ஓட்டட்டும், அதுல தப்பு வராது.

மேப்_பைத்தியம்:

மேப் விஷயத்துல பொறுமையா போங்க. முதல்ல டேட்டா போகுற கேபிள் வேணும், சார்ஜ் மட்டும் ஏறுற கேபிள்ல கம்ப்யூட்டருக்கு பெட்டி இருக்கறதே தெரியாது. யூஎஸ்பி செட்டிங்ல மாஸ் ஸ்டோரேஜ்னு மாத்தி, உள்ள இருக்கறது மொத்தத்தையும், ஒரு ஃபைல் கூட விடாம, கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து வைங்க. இந்த வேலை முடியாம வேற எதையும் தொடாதீங்க, இந்த பெட்டிகளுக்கு ஒரிஜினல் ஃபைல் தொலைஞ்சா திரும்ப கிடைக்கறது குதிரைக்கொம்பு.

அப்புறம் உள்ள எந்த நேவிகேஷன் மென்பொருள் ஓடுதுன்னு பாருங்க, "எங்களைப் பற்றி" பக்கத்துல பேரும் வெர்ஷனும் இருக்கும். மேப் அந்த மென்பொருளுக்கு ஏத்த வடிவத்துல இருந்தாதான் ஏறும். "வாழ்நாள் அப்டேட்"னு டப்பால போட்டிருந்தா அது விக்கிறவங்க ஆதரவு குடுக்கற வரைக்கும்னுதான் அர்த்தம், அதனால அந்த தளம் இன்னும் உயிரோட இருக்கான்னு முதல்ல பாருங்க. ஒரு மெமரி கார்ட முதல்ல ஃபேட்32ங்கற வடிவத்துல ஃபார்மேட் பண்ணி, அப்புறம் புது மேப்ப அதுல போட்டு, நேவிகேஷன் பாதைய அந்த கார்டுல இருக்கற ஃபைலுக்கு மாத்தினா பழசு உள்ள அப்படியே பத்திரமா இருக்கும். ஒத்து வரலன்னா கார்ட உருவிட்டு பாதைய பழையபடி மாத்தினா போதும்.

அதிகாரப்பூர்வமா எதுவும் கிடைக்கலன்னா, நாலுசக்கரம் சொன்ன பழைய போன அந்த பைபாஸ் பக்கம் போகும்போது மட்டும் துணைக்கு வச்சுக்கோங்க. அந்த ஆப்புங்க எடுக்கற மேப் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யார் வேணாலும் திருத்தலாம். பைபாஸ் அதுலயும் இல்லன்னா இங்க சொல்லுங்க, எப்படி வரையறதுன்னு நான் காட்றேன்.

லாங்டிரைவ்_அண்ணாச்சி:

வயக்காட்டுக்குள்ள காட்டும்போது சத்தத்த கம்மி பண்ணிடுங்க தங்கச்சி, இல்லன்னா "முடிந்தால் திரும்பவும்"னு சொல்லிக்கிட்டே இருக்கும், அப்பாவுக்கு கவனம் சிதறும். பைபாஸ் முடிஞ்சு பழைய ரோட்ல சேந்ததும் திரும்ப ஏத்திக்கலாம்.