பிரெஞ்சு நுவாரில் ஃபாம் ஃபத்தால் உண்டா? (முடிவுகளும் பேசப்படுகின்றன)

நிழல்கோடு:
‘நுவார்’ எனப்படும் இருண்ட குற்றப் படங்களில், 1950-களின் பிரெஞ்சுப் படங்களைப் பார்த்தால், ‘ஃபாம் ஃபத்தால்’, அதாவது ஆணைத் திட்டமிட்டுக் கவிழ்க்கும் பெண், கிடையாது. இருப்பது ஆண்களின் ஓட்டைவாய்தான். ‘துஷே பா ஓ கிரிஸ்பி’ (1954): ஓர்லி விமான நிலையத்தில் அடித்த தங்கத்தைப் பற்றி ரித்தோன் தன் காதலி ஜோசியிடம் பீற்றிக்கொள்கிறான். அவள் எதிர்க்கும்பலின் ஆஞ்செலோவிடம் சொல்லிவிடுகிறாள். ‘ரிஃபிஃபி’ (1955): வசனமும் இசையும் இல்லாமல் கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஓடும் கொள்ளையில் ஒரு பிசகும் இல்லை. பெட்டகம் உடைக்கும் செசார் ஒரு மோதிரத்தைச் சுருட்டிப் பாடகி விவியானிடம் கொடுத்ததில்தான் எதிர்க்கும்பலுக்குத் துப்புக் கிடைக்கிறது. ‘பாப் லெ ஃபிளாம்பர்’ (1956): பாவ்லோ கொள்ளைத் திட்டத்தை ஆன் என்ற பெண்ணிடம் உளற, ஆன் மார்க்கிடம் சொல்ல, மார்க் போலீசின் ஆள். மூன்றிலும் பெண் வெறும் ஒழுகும் குழாய். யாரும் எதையும் திட்டமிடவில்லை.

ரீல்பெட்டி:
கொள்ளைப் படமா மூணு பொறுக்கி எடுத்தா அப்படித்தான் வரும் சார். கும்பல் படத்துல பொண்ணுக்கு வேலையே கம்மி. வீட்டுக்குள்ள வாங்க. இவ் அலெக்ரேயோட ‘மனேஜ்’ (1950) பாருங்க. குதிரையேற்றப் பள்ளி நடத்துற ராபர்ட்டை அவன் பொண்டாட்டி தோராவும் அவ அம்மாவும் சேர்ந்தே கறக்குறாங்க. தோரா விபத்துல அடிபட்டு ஆஸ்பத்திரில கிடக்கும்போது மாமியாரே மாப்பிள்ளைகிட்ட எல்லாத்தையும் எக்காளமா போட்டு உடைக்குது. நாம ஏற்கனவே பார்த்த காட்சிகளே வேற கோணத்துல திரும்ப வரும். தோராவா வர்ற சிமோன் சின்யோரே அதுல சிரிக்கிற சிரிப்பு போதும்.

இன்னொண்ணு, துவிவியேவோட ‘வுவாசி ல தான் தெஸ் அசசேன்’ (1956). பாரிஸ் லே ஆல் சந்தையில ஓட்டல் வச்சிருக்கிற ஷாத்லேன்கிட்ட (ழான் காபின்) கத்ரீன் வந்து, “எங்கம்மா செத்துட்டாங்க”ன்னு நிக்கிறா. அந்த அம்மா இவரோட முன்னாள் மனைவி. அப்புறம், இவர் பிள்ளை மாதிரி வளர்க்கிற ழெராருக்கும் இவருக்கும் நடுவுல மூட்டிவிடுறா. கல்யாணம் பண்ணிக்கிறா. கடைசியா ழெராரை வச்சே புருஷனைக் கொல்லப் பார்க்குறா. அவன் மசியலைன்னதும் அவனையே காரோட தண்ணியில தள்ளுறா. திட்டம் எங்க ஓட்டையாச்சு? அம்மா செத்துட்டாங்கன்ற முதல் பொய்லயே. அம்மா உயிரோட மலிவான லாட்ஜ்ல போதைக்கு அடிமையா கிடக்குது. அது வெளிய வந்தா மொத்தமும் சரியும், சரிஞ்சுது.

நிழல்கோடு:
இரண்டுமே குடும்ப மெலோடிராமா. இவற்றை நுவார் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ரீல்பெட்டி:
1946-ல விமர்சகர் நீனோ ஃபிராங்க் ‘நுவார்’ங்கிற பேரைச் சூட்டினப்ப கையில இருந்த படங்கள்ல ‘டபுள் இன்டெம்னிட்டி’யும் ஒண்ணு. பொண்டாட்டி புருஷனைக் கொல்ற வீட்டுக் கதைதானே அது? அதே மாதிரிக் கதையான ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்’ நாவலையும் ஹாலிவுட்டுக்கு முன்னாடியே, 1939-ல, பியர் ஷெனால் பிரான்சுல எடுத்துட்டார்.

பெஞ்சு டிக்கெட்:
ரெண்டு பேரும் ‘எலிவேட்டர் டு தி கேலோஸ்’ (1958) பக்கமே வரவில்லையே! கொலைத் திட்டம் கச்சிதம்: ஜூலியன் கயிற்றில் ஏறி மேல்மாடிக்குப் போகிறான், முதலாளியைச் சுட்டுத் தற்கொலை போல ஜோடிக்கிறான், இறங்கிவிடுகிறான். கயிறு அங்கேயே தொங்குகிறது. எடுக்கத் திரும்பினால் காவலாளி மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போகிறான், லிஃப்ட் நடுவழியில் நிற்கிறது. அதற்குள் தெருவில் விட்டிருந்த காரை ஒரு பையன் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். பக்கத்து இருக்கையில் வேறொரு பெண்ணைப் பார்த்த ஃபுளோரன்ஸ் (முதலாளியின் மனைவி, ஜூலியனின் காதலி), காதலன் ஏமாற்றிவிட்டான் என்று ராத்திரி முழுக்க அலைகிறாள்.

அந்த நடையை ஒளிப்பதிவாளர் ஹென்றி தெகே சினிமா விளக்கே வைக்காமல், குறைந்த வெளிச்சத்திலும் பதியும் வேகமான ஃபிலிமில், ஷான்ஸ் எலிசே கடைகளின் வெளிச்சத்தில் எடுத்தார். கேமராவைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளினார்கள். ஃபுளோரன்ஸாக நடித்த ழான் மோரோவின் முகம் ஒப்பனையின்றி இருப்பதைப் பார்த்து லேப் ஆட்கள் பதறினார்களாம். ஹாலிவுட்டில் இந்த மாதிரிப் பாத்திரத்தின் முகத்துக்குத் தனி விளக்கு வைப்பார்கள். தப்பு செய்தாலும் மினுங்கும். இங்கே மினுக்கே இல்லை. அவளைப் பார்க்கப் பயம் வருவதில்லை, பாவமாக இருக்கிறது.

நிழல்கோடு:
அதைத்தானே நானும் சொல்கிறேன். அவள் யாரையும் கவிழ்க்கவில்லை, லிஃப்ட் கவிழ்த்தது.

ரீல்பெட்டி:
முதல் ஷாட்டே அவ முகம்தான் சார், ஃபோன்ல. செத்தது அவ புருஷன். கடைசியில டெவலப்பர் தட்டுல மேல வர்ற போட்டோவுல அவளும் ஜூலியனும் கட்டிப்பிடிச்சிருக்காங்க. ஜூரி உங்கமேல இரக்கப்படாதுன்னு இன்ஸ்பெக்டரும் அவகிட்டதான் சொல்றார்.

நிழல்கோடு:
ஜூரி நினைப்பதும் இயக்குநர் காட்டுவதும் ஒன்றில்லை. லூயி மால் அவளுக்குத் தீர்ப்பு எழுதவில்லை, கூடவே நடக்கிறார். கத்ரீனை விட்டுக்கொடுக்கிறேன், ஃபுளோரன்ஸை மாட்டேன்.