ஐரிஷில் கண்: ‘ஸூல்’ ஏன் ‘தூல்’, ‘ஹூல்’ ஆகிறது?

கேள்வி:
ஐரிஷில் கண்ணுக்கு ‘ஸூல்’. எழுத்து எஸ், கோடு போட்ட யூ, ஐ, எல். ஆனால் பேச்சில் ஓரிடத்தில் ‘தூல்’, இன்னோரிடத்தில் ‘ஹூல்’ என்று கேட்கிறது. ‘நா ஸூலெ’ என்பதற்குப் பாடத்தில் ‘கண்கள்’ என்றும் ‘கண்ணின்’ என்றும் போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழையா? சூரியனோடு இந்தச் சொல்லுக்கு உறவு என்கிறார்களே, நிஜமா?

பதில் 1:
பிழை இல்லை. இது பெண்பால் சொல், பெயர்த்திரிபில் (வேற்றுமைக்கேற்பப் பெயர் உருமாறும் முறையில்) இரண்டாம் வகுப்பு. எஸ்ஸில் தொடங்கி, அடுத்து உயிரெழுத்தோ எல், என், ஆர் எழுத்தோ வரும் பெண்பால் பெயருக்கு முன் ‘அன்’ என்ற சுட்டு (ஆங்கில ‘தி’ போல) வந்தால், எஸ்ஸுக்கு முன்னால் ஒரு டி எழுதுவார்கள், எஸ் ஊமையாகிவிடும். எழுத்துதான் டி, ஒலி பல்லில் நாக்கு படும் நம் ‘த’. ஆகவே ‘அன் தூல்’. தலைப்பில் பெரிய எழுத்து எஸ்ஸுக்குத்தான், டி சிறியதாகவே நிற்கும்.

‘மோ’ என்றால் ‘என்’. அது எஸ்ஸுக்குப் பின் ஹெச் சேர்க்கும்: ‘மோ ஹூல்’. ஆளைக் கவிழ்ப்பது ‘அ’. ‘அ ஹூல்’ அவன் கண், ‘அ ஸூல்’ அவள் கண். அவர்கள் கண்ணும் ‘அ ஸூல்’தான், இடம் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

‘கண்ணின்’, ‘கண்கள்’ இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. பக்கத்தில் நீல நிறத்தை வைத்தால் முடிச்சு அவிழும்: ‘நா ஸூலெ கொரமா’ நீலக் கண்கள், ‘நா ஸூலெ கிரிமெ’ நீலக் கண்ணின். ‘கண்களின்’ என்பதற்கு ஐ எழுத்தை எடுத்துவிடுங்கள், கடைசி ல் தடித்து ஒலிக்கும்: ‘தஹ் நா ஸூல்’, கண்களின் நிறம்.

பதில் 2:
உறவு உண்டு என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். லத்தீன் ‘ஸோல்’, கிரேக்க ‘ஹீலியோஸ்’, சமஸ்கிருத ‘சூர்ய’ எல்லாம் ஒரே வேர். ஐரிஷின் உறவு மொழியான வெல்ஷில் சொல் முதல் ஸ பெரும்பாலும் ஹ ஆகும் (உப்பு ஐரிஷில் ‘ஸலன்’, வெல்ஷில் ‘ஹலன்’). அப்படி வந்த வெல்ஷ் ‘ஹைல்’ இன்றும் சூரியன்தான். ஐரிஷிலோ பொருள் கண்ணுக்கு நகர்ந்தது. சூரியனுக்கு அங்கே ‘க்ரியன்’. நம் ‘சூல்’ ஒலியில் மட்டும் ஒன்று, அதை இழுக்க வேண்டாம்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போனது. ஜோடி உறுப்பில் ஒன்றைச் சொல்ல ‘பாதி’ என்ற ‘லஹ்’ முன்னால் சேரும். ‘லஹூல்’ என்றால் ஒற்றைக்கண். ‘அரைக்கண்’ என்று பெயர்த்தால் தப்பு. ‘இரண்டு’க்குப் பின்னும் பெயர் ஒருமை வடிவில்தான் வரும். ‘தா ஸூல் அகம்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘என்னிடம் கண் இருக்கிறது’. ஆனால் ஐரிஷ்காரர் காதில் அது ‘நடக்கும் என்று நம்புகிறேன்’.