கலைச்சொல்: ‘இசைவுக்கருவி’ சரிவருமா?

> ‘அணுகத்தக்க எண்ணிம இசைக்கருவி’ என்றே வைத்துக்கொள்ளலாமே? பொருள் முழுதாக வந்துவிடுகிறது.

ஐயா, வணக்கம். உடல் அசைவு குறைந்தவர்களும் வாசிக்கும்படி அமைத்த எண்ணிம (digital) இசைக்கருவிகளுக்குத் தமிழில் நீங்கள் சொன்ன பெயரைப் பார்த்தேன்.

பொருள் வருகிறது, ஆனால் வாயில் நிற்கவில்லை. ‘அணுகல்’ என்றதும் சாய்தளமும் அகலக் கதவும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே சிக்கல் வேறு. வீணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். விரல் அசையாவிட்டால் என்ன செய்வது?

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி (உலோகக்கருவி) என்ற நம் பழம்பெயர்கள் ஒலி பிறக்கும் பொருளை வைத்து வந்தவை. எண்ணிமக் கருவியில் அசைவைப் பிடிப்பது உணரி (sensor), ஒலியை எழுப்புவது கணினி. எந்த அசைவுக்கு எந்தச் சுரம் என்பதை நாமே வகுக்கலாம். சவுண்ட்பீம் என்ற கருவி மீயொலியால் (காதுக்குக் கேட்காத ஒலியால்) உடலசைவை அளக்கிறது. ஐஹார்ப் என்ற இன்னொன்றில் திரையில் வட்டமாக அடுக்கிய சுரங்களைக் கண்ணாலேயே வாசிக்கிறார்கள்.

அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 2007இல் தொடங்கிய ‘ஆமி’ (AUMI) என்ற, உடலசைவைக் கேமரா வழியே ஒலியாக்கும் மென்பொருளை என் அக்கா மகனுக்காக மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம். அவனுக்குப் பெருமூளை வாதம். கழுத்து மட்டும் சற்றுத் திரும்பும். கேமராப் படத்தில் அவன் மூக்கு நுனியில் புள்ளியை வைத்தோம். திரை கட்டங்களாகப் பிரிந்திருக்கும்; புள்ளி ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போனால் ஒலி வரும். முதலில் எவ்வளவு திரும்பியும் ஒரு கட்டத்தைத் தாண்டவில்லை. மடிக்கணினியை ஒரு சாண் அருகே நகர்த்தினோம். அதே திருப்பம் இப்போது கோட்டைத் தாண்டியது, ஒலி வந்தது. அவன் திரும்பவும் திரும்பவும் செய்துகொண்டே இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் நிறுத்தவில்லை.

நகர்ந்தது கருவி, அவன் அல்ல. அதனால்தான் ‘தகவமை’ (adapt) என்ற வேரையும் என்னால் ஏற்க முடியவில்லை. பாலைக்கு ஒட்டகம் தகவமைந்தது என்று பள்ளியில் படித்தோம். அங்கே மாறியது உயிர். ‘மாற்றுத்திறனாளர் இசைக்கருவி’ என்றால் வாசிப்பவர்மேல் முத்திரை விழுகிறது.

‘இசைவுக்கருவி’ என்கிறேன். இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். ஆளுக்கு இசைகிற கருவி. சொல்லுக்குள்ளேயே இசையும் இருக்கிறது. ஒரு கையால் வாசிக்கும்படி மாற்றிய குழலும் இதில் அடங்கும். கணினி சார்ந்ததை மட்டும் சுட்ட ‘எண்ணிம இசைவுக்கருவி’ எனலாம். வினைத்தொகையாக ‘இசைகருவி’ என்றும் எண்ணிப் பார்த்தேன். ‘க்’ விடுபட்டதை எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார்கள்.

எழுத்தில் தெளிவாக இருக்கிறது. பேச்சில் ‘இசைக்கருவி’யோடு குழம்புகிறதா என்பதுதான் என் கவலை. வீட்டில் யாரிடமாவது ஒருமுறை சொல்லிப் பார்த்து, அவர்கள் காதில் என்ன விழுந்தது என்று எழுதுங்கள்.