ஒரே ஒரு உயிர்ச்செல்லை எல்சியில் (கலவையைக் கரைப்பானோடு குழாய் வழியே ஓட்டி ஒவ்வொரு பொருளாகப் பிரிக்கும் முறை) ஓட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா? என்னுடையது இது

கோத்தகிரிக்காரி:
நான் எச்பிஎல்சி, அதாவது உயர் அழுத்தத்தில் ஓடும் எல்சி, கற்றது ஊட்டியில். குழாயைச் சூடாக வைக்கும் ஓவன் பழுதாகிக் கிடந்த ஒரு டிசம்பரில், காலை எட்டு மணிக்கு ஆறு நிமிடம் தாண்டி வந்த காஃபீன் பீக் (பொருள் வெளியே வரும்போது வரைபடத்தில் எழும் முகடு), மதியம் வெயில் ஏறியதும் ஐந்தரைக்கே வந்து நிற்கும். காலையில் பம்பின் அழுத்தமும் ஏறித்தான் இருக்கும், குளிரில் கரைப்பான் கெட்டிப்பட்டு ஓடுவதால். சின்ன விஷயம் எதையும் விடக்கூடாது என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

இப்போது பெங்களூரில் ஒற்றைச் செல்லின் புரதங்களைப் பார்க்கிற வேலை. ஒரு மனித செல்லில் மொத்தப் புரதமே சுமார் 200 பிகோகிராம்தான், அதுவும் வகைக்கு வகை மாறும். ஒரு கிராமை லட்சம் கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு பிகோகிராம். டிஎன்ஏ என்றால் பிசிஆரில் பெருக்கிக்கொள்ளலாம், புரதத்துக்கு அந்த வழி கிடையாது, இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஊட்டியில் ஓட்டிய குழாயின் உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர். இங்கே 75 மைக்ரோமீட்டர், குறுக்குப் பரப்பில் சுமார் 3,760 மடங்கு சின்னது. ஒரு சிட்டிகை உப்பைக் குடம் தண்ணீரில் கரைப்பதற்கும் ஒரு கரண்டித் தண்ணீரில் கரைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. எல்சி என்றால் பிரிப்பது என்று படித்தோம், சரி, ஆனால் இந்த அளவில் அது செய்கிற பெரிய உபகாரம் இருக்கிற கொஞ்சத்தையும் நீர்த்துப்போக விடாமல் மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் கருவி) வரை கொண்டுசேர்ப்பதுதான்.

முதல் மாதம் பீக்கே வரவில்லை. ஒழுகல் இருக்குமோ என்று ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ வைத்துப் பார்த்தேன், எல்லாம் காய்ந்தே இருந்தது. ஓட்டம் நிமிடத்துக்கு 300 நானோலிட்டர். ஒரு சொட்டு சேரவே இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் ஆவியாகிவிடும். கடைசியில் ஒரு இணைப்பை அரைத் திருகு இறுக்கியதும் பீக் வந்தது. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குன்னூர் தேயிலை:
அக்கா, நான் ஏழு வருஷமாகத் தேயிலைதான் ஓட்டுகிறேன். அதில் இருக்கிற கேட்டச்சின், எபிகேட்டச்சின் என்ற இரண்டு பொருளுக்கும் ஒரே மூலக்கூறு எடை, 290. மாஸ் ஸ்பெக்குக்கு இரண்டும் ஒன்றுதான், முன்னால் எல்சி பிரித்துக் கொடுத்தால்தான் எது எவ்வளவு என்று சொல்ல முடியும். ஆனால் இரண்டு இலை ஒரு மொட்டு என்று பறித்து, அரைத்து, கொதிநீரில் இறக்கி ஓட்டுகிறோம், லட்சக்கணக்கான செல்களின் சராசரிதான் கைக்கு வருகிறது. கொழுந்தில் எந்தச் செல் இதையெல்லாம் சேர்த்து வைக்கிறது என்று ரொம்ப நாளாக ஒரு ஏக்கம். இலைச் செல்லைத் தனியாக ஓட்ட முடியுமா?

மேட்டுப்பாளையம் பேரன்:
முடியும். எங்கள் பாட்டி வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலேயே செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் யேனா நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் அதன் இலைச் செல்களை ஒவ்வொன்றாக எடுத்து எல்சி வழியே மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பி 2023இல் வெளியிட்டார்கள். புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்கு மூலப்பொருளான கேதரந்தினும் விண்டோலினும் இடியோபிளாஸ்ட் என்கிற சில தனிச் செல்களில் குவிந்து கிடந்தன. இலையை அரைத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

கோத்தகிரிக்காரி:
தம்பி, தேயிலைக்கு முயன்றால் முதலில் செல்சுவரை நொதி போட்டுக் கரைக்க வேண்டும். அப்புறம் டியூப் மாற்றி மாற்றி ஊற்றாதே. என் புரதம் பாதி பிளாஸ்டிக் சுவரில் ஒட்டித்தான் போனது. 2018இல் வந்த நானோபாட்ஸ் முறையில் கண்ணாடிச் சில்லின் மேல் 200 நானோலிட்டருக்கும் குறைவான துளிக்குள்ளேயே எல்லா வேலையையும் முடித்ததே அதற்காகத்தான். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், நுனிக் கொழுந்து கொஞ்சம் எடுத்து வை.