கை கிழிக்காத டின் ஓப்பனர் செய்ய யோசனை வேண்டும்

நண்பர்களே, மார்த்தாண்டத்தில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தம்பி வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த சூரை மீன் டின்னைத் திறக்கும்போது மூடியின் விளிம்பு பட்டு அம்மாவின் உள்ளங்கை கிழிந்துவிட்டது. 3 தையல். ஏற்கெனவே மூட்டுவாதம், எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

வழக்கமான ஓப்பனர் மூடியை மேலிருந்து, விளிம்புக்கு உள்ளே வெட்டும். அதனால்தான் தகரம் கத்தி மாதிரி நிற்கிறது. பக்கவாட்டில் வைத்து வெளி மடிப்பை மட்டும் வெட்டினால் மூடி அப்படியே கழன்று வரும், கையைக் கிழிக்காது. அந்த வகையில் ஒன்று செய்து பார்த்தேன். வெட்டும் சக்கரம் நான்கைந்து டின்னிலேயே மழுங்கிவிட்டது. நசுங்கிய டின்னில் பல்சக்கரம் வழுக்குகிறது.

சக்கரத்துக்கு எந்த எஃகு போடலாம்? துருப்பிடிக்கக் கூடாது, சாப்பாட்டில் படுமே. நாகர்கோவில் பக்கம் சின்ன உருப்படிகளைக் கடினப்படுத்தித் தரும் இடம் தெரியுமா? அப்புறம், கைப்பிடி எவ்வளவு தடிமன் இருந்தால் வலியுள்ள விரலுக்கு எளிது? வீட்டில் மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் அவர்களிடமே கேட்டுச் சொல்லுங்கள், அதுதான் எனக்குப் பெரிய உதவி.